புள்ளிகளுக்கு இடையே

  

யாப்பு என்பதற்குக் கட்டுதல் என்று பொருள். எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகிச் செய்யுள் அமைவது போல, அணுக்கள் முறையாக அடுக்கப்பெற்று அமைவது படிகம். உப்பும் வைரமும் படிகங்களே. அலுமினியம் போன்ற உலோகங்களும் நுண்ணிய படிகங்களின் தொகுதிகளே.

இவ்வடுக்கைக் காணும் வழி 1912ஆம் ஆண்டு மியூனிக் நகரில் பிறந்தது. மாக்ஸ் ஃபான் லாவேயின் கருத்தைப் பின்பற்றி, ஃப்ரீட்ரிக், நிப்பிங் என்னும் இருவர் படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினர். புகைப்படத் தகட்டில் புள்ளிகள் ஒழுங்காகப் பதிந்தன. அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையைப் பிராக் தந்தையும் மகனும் வகுத்தனர்.

ஆயினும் அப்புள்ளிகள் உரைப்பது சராசரியை மட்டுமே. கோடானுகோடி அணுக்கள் பொதுவாக எங்கே நிற்கின்றன என்பதை அவை சொல்லும். ஓர் இடத்தில் அணு விடுபட்டதையோ, வேற்றணு புகுந்ததையோ தனித்துச் சொல்லமாட்டா. அச்செய்தி புள்ளிகளுக்கு இடையே மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. பரவற்சிதறல் என்பது அதுவே. புள்ளிகளை மட்டும் அளப்பவருக்கு அது தகட்டின் அழுக்காகத் தோன்றும்.

அந்த மங்கலில் ஒரு பெரும் புதிருக்கு விடை இருந்தது. 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் என்னும் ஜெர்மானியர், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தார். சில நாள் வாளா கிடந்த அவ்வுலோகம், தானே கடினமாகியிருந்தது. டூராலுமின் என்று பெயர் பெற்ற அது விமானங்களின் உடலாயிற்று. ஆனால் கடினமானதன் காரணம் நுண்ணோக்கிக்குப் புலப்படவில்லை.

1938இல் பாரிசில் ஆந்திரே கினியரும், இங்கிலாந்தில் பிரஸ்டனும், ஒருவரையொருவர் சாராமல், அலுமினிய-செம்புக் கலவையின் எக்ஸ் கதிர்ப் படங்களில் மெல்லிய கோடுகளைக் கண்டனர். இருவரும் அவற்றை அழுக்கென்று ஒதுக்கவில்லை. ஓர் அமைப்பு எத்திசையில் மிக மெல்லியதோ, அத்திசையில் அதன் சிதறல் நீளும். எனவே அக்கோடுகள், செம்பணுக்கள் ஓரிரு அணு கனமே உள்ள தட்டுகளாகத் திரண்டிருப்பதைக் காட்டின. உலோகம் வளையும்போது அதன் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அத்தட்டுகள் அவ்வழுக்கலைத் தடுக்கின்றன. மாசற்ற அலுமினியமோ எளிதில் வளைந்துவிடும். ஆக, விமானத்தைத் தாங்கிய வலிமை ஒழுங்கு குலைந்த இடங்களிலிருந்தே வந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். செம்பணுக்கள் மனம்போனபடி சிதறிக் கிடந்தால் தகட்டில் தெளிவற்ற மங்கலே எஞ்சும், கோடு விழாது. ஒரு பிறழ்ச்சி அடுத்த பிறழ்ச்சியோடு உறவு கொண்டால்தான் கோடு பிறக்கும். சராசரி ஒன்றாகவே உள்ள இரு படிகங்களையும் பிரித்துக் காட்டுவது இவ்வுறவே. நன்னூலார் செய்யுள் விகாரங்களை ஒன்பதாக வகுத்தார். வலித்தலும் மெலித்தலும் இடைக்குறையும் பிழைகள் அல்ல, இடமறிந்து வருவன. காரணமற்ற பிறழ்ச்சியைப் புலவர் விகாரம் என்று ஏற்பதில்லை.

ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தின் எஞ்சின் வார்ப்பும் அலுமினிய-செம்புக் கலவையே. அதை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட அறிஞர்கள், அதனுள்ளும் அத்தட்டுகளைக் கண்டனர். கண்டறியப்படுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவை அங்கே இருந்து பணி செய்தன.

கவிதையை மதிப்பிட அமர்வோர், தளை தட்டும் இடத்தைக் கண்டவுடன் கோலை எடுத்துவிடுகின்றனர். அது வெறும் சிதறலா, உறவுடைய பிறழ்ச்சியா என்று முதலில் நோக்குதல் நலம். கினியரும் பிரஸ்டனும் அந்தக் கோடுகளைத் துடைத்திருந்தால், உலோகத்தின் வலிமைக்கான விடையையும் துடைத்திருப்பர்.