‘சபாக்’ என்னும் சொல்லின் நீளம்



‘சபாக்’ என்னும் நம் ஊர்ப் பெயரின் நீளம் எவ்வளவு? தமிழாசிரியரைக் கேட்டால், எழுத்து 3, மாத்திரை மூன்றரை, அசை 1 என்பார். கணினியைக் கேட்டால் 5 என்றும் 15 என்றும் இரண்டு விடைகள் கிடைக்கும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாவிடில், மாணவர் அமைக்கும் தமிழ் வலைப்பக்கம் பாதியில் அறுந்துவிடும்.

பைத்தான் மொழியில் வலைத்தளம் அமைப்போர்க்கு முன்பு ஓர் இடர் இருந்தது. ஒரு சட்டகத்தைத் தேர்ந்தால், அதனோடு பொருந்தும் வழங்கியையே நாட வேண்டும். 2003-இல் பிலிப் ஜே. ஈபி இதற்கொரு பொதுவிதியை முன்மொழிந்தார். அதுவே டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்னும் இடைமுகம். எத்தோட்டத்துச் செம்பனைக் குலையும் ஒரே எடைமேடை ஏறி ஆலைக்குள் செல்வதுபோல, எச்சட்டகமும் இவ்விதிவழி எவ்வழங்கியோடும் இணையலாம்.

விதி எளியது. வழங்கி, நிரலை அழைக்கும்போது இரண்டைக் கொடுக்கும்: வேண்டுகோளின் விவரங்கள் அடங்கிய அகராதி ஒன்று, நிலையையும் தலைப்புகளையும் அறிவிக்கும் செயற்கூறு ஒன்று. நிரல் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் திருப்பித் தரும். 2010-இல் வெளிவந்த ஃபிளாஸ்க் என்னும் சிறு சட்டகத்தில், நாம் உருவாக்கும் செயலியே இவ்வாறு அழைக்கத்தக்கது. அதனைக் குனிகார்ன் போன்ற வழங்கியிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தால் போதும்.

அதே 2010-இல் பைத்தான் 3-க்காக இவ்விதி திருத்தப்பட்டது. உள்ளடக்கம் எழுத்துச் சரமாக இருத்தல் ஆகாது. பைட்டுகளாகவே இருத்தல் வேண்டும். இங்கேதான் தமிழுக்குக் கவனம் தேவை. ஒருங்குறியில் ‘சபாக்’ என்பது ச, ப, கால், க, புள்ளி என 5 குறிகள். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள், ஆகவே 15. மாணவர் சரத்தை அளந்து, உள்ளடக்க நீளம் 5 எனத் தலைப்பில் எழுதினால், உலாவி 5 பைட்டுகளோடு நின்றுவிடும். ‘ச’ தெரியும், ‘ப’ சிதையும், எஞ்சியவை வாரா. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட்டு ஆதலால், அங்கே இப்பிழை வெளிப்படுவதில்லை. ஃபிளாஸ்க் இக்கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். சட்டகமின்றி எழுதிப் பழகுவோர் முதலில் பைட்டுகளாக மாற்றி, பின்னரே அளத்தல் வேண்டும்.

பக்கம் அறுந்ததும், ‘கணினிக்குத் தமிழ் ஒத்துவராது’ என்று மாணவர் மனந்தளர்ந்து வேற்றுமொழிக்கு மாறக்கூடும். குற்றம் தமிழில் இல்லை, அளவுகோலில் உள்ளது. ஒரே சொல்லை எழுத்தாலும் மாத்திரையாலும் அசையாலும் அளக்கக் கற்பித்த இலக்கணம் நம்முடையது. அவ்வரிசையில் குறியையும் பைட்டையும் சேர்த்துக் கற்பிப்பது கணினி ஆசிரியர்க்கு மட்டுமன்றித் தமிழாசிரியர்க்கும் உரிய பணியாகும்.