பிள்ளையின் முடி சொல்லும் கணக்கு

(ஆலையடிவேம்புக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களிடையே நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் எல்லாருமாக அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் போய் மீனும் கருவாடும் வாங்கி வந்தோம். பாதரசத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச இதைவிட நல்ல இடம் ஏது?

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பல வருசத்துக்கு முன், ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர் விழுந்து உடைந்தது. வெள்ளி முத்துப் போல உருண்டதைப் பிள்ளைகள் நெருப்புப் பெட்டியில் பிடித்து விளையாடினார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினோம். இரண்டும் பிழை. பாதரசம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். தரையில் தவழும் பிள்ளைதான் அதைக் கூடுதலாகச் சுவாசிக்கும். கூட்டினால் துளி சிதறி ஆவி இன்னும் கூடும். அந்தப் பிள்ளைகளை யாரும் சோதிக்கவில்லை. எவ்வளவு உள்ளே போனதென்று இன்றும் எங்களுக்குத் தெரியாது.

நம்மைப் போல மலைநாடான கொடைக்கானலில் தெர்மோமீட்டர் செய்த தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியில் வந்த விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர் விசயத்தில் உடன்பாடு வந்தது.

அளவெடுப்பது எப்படி? ஆவியாகச் சுவாசித்ததைச் சிறுநீரில் பார்ப்பார்கள். மீன் வழியாக வந்ததை முடியில் பார்ப்பார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஆகவே தலையோடு ஒட்டிய 3 சென்டிமீட்டரை வெட்டினால் மூன்று மாதக் கணக்கு தெரியும். ஊசி குத்தத் தேவையில்லை.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீனை உண்டவர்கள் நோயாளியானது 1956இல் வெளிப்பட்டது. தாய் நன்றாக இருக்க, வயிற்றுப் பிள்ளை பாதிக்கப்பட்டது. அங்கேயும் நம்மைப் போலத் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிற்காலத்தில் அந்தக் கொடியைச் சோதித்தே, பிள்ளைக்குப் போன பாதரசத்தை அறிந்தார்கள்.

ஒரு பிள்ளைக்குக் கூட, இன்னொன்றுக்குக் குறைய இருப்பது ஏன்? கர்ப்ப காலத்தில் தாய் என்ன மீனை, எத்தனை தரம் சாப்பிட்டாள் என்பது முதற் காரணம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறாவிலும் தளபத்திலும் கூட; நெத்தலியிலும் சாளையிலும் குறைவு. இன்னொன்று, முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்கள். தாய் பூசினால், அணைக்கிற பிள்ளைக்கும் ஒட்டும்.

அதற்காக மீனை விட்டுவிடாதீர்கள்! பிள்ளையின் மூளைக்கு மீன் நல்லது. பிள்ளைத்தாச்சிப் பெண்கள் சின்ன மீனைச் சாப்பிடுங்கள்; சுறாவையும் தளபத்தையும் தவிருங்கள். சுறாக் கருவாட்டுக்கும் இதே கதைதான். லேபல் இல்லாத கிரீமைத் தொடாதீர்கள். தெர்மோமீட்டர் உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, தடித்த காகிதத்தால் துளிகளை அள்ளி, மூடியுள்ள போத்தலில் அடைத்து டிஸ்பென்சரியில் கேளுங்கள். கானில் ஊற்ற வேண்டாம்.

அன்று நாங்கள் சிரித்து நின்றது போல நீங்கள் நிற்க வேண்டாம். பிள்ளை வெள்ளி முத்தோடு விளையாடியது தெரிந்தால், அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போய்ச் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.