சொந்த வண்டி, அடுத்தவர் டிரெய்லர்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று லொறியைப் பற்றிப் பேசப்போகிறோம். தேயிலைக்காரர்களுக்கு லொறிக் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். கடைசியில் மலைக்குத்தான் வந்து சேருவோம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த ஒரு தம்பி எங்களைத் தேடி வந்தான். எங்களிடம் ஓ.எல். வரை படித்தவன். ஆறு வருஷமாகக் கொழும்பில் கொள்கலன் லொறி ஓட்டுகிறான். மாதச் சம்பளம், ஈ.பி.எப். எல்லாம் உண்டு. கையில் ஒரு கடுதாசிக் கட்டு. "சேர், இனிமே சம்பளத்துக்கு ஆள் இல்லையாம். பிரைம் மூவர லீசிங்ல நீயே எடு, டிரெய்லர் நாங்க தாறோம், ட்ரிப் கணக்குக்குக் காசுன்னு சொல்றாங்க. நானும் முதலாளி ஆகலாந்தானே?" என்றான். கூட வந்த அம்மா, "காதுல கழுத்துல உள்ளத அடகு வச்சாவது முன்பணம் கட்டிருவோம் மாஸ்டர்" என்றார். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த கை. மகன் முதலாளியாவதைப் பார்க்க ஆசை இருக்காதா?

வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொப்பியை எடுத்துக் கணக்குப் போடு என்றோம். மாதத்துக்கு இத்தனை ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு, அதில் லீசிங் காசும் டீசலும் கழித்தால் மிச்சம் இவ்வளவு என்று இரண்டு நிமிஷத்தில் போட்டுவிட்டான். மிச்சம் அவன் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. பிறகு நாங்கள் கேட்க ஆரம்பித்தோம். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நாளுக்குக் காசு உண்டா? வெறும் கொள்கலனைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவதற்கு? பிரைம் மூவருக்குப் பத்து டயர், அதை மாற்றும் மாதத்தில் என்ன செய்வாய்? டிரெய்லர் டயர் வெடித்தால் யார் செலவு? காய்ச்சல் வந்தால்? காப்புறுதி? இதுவரை கம்பனி கட்டிய பன்னிரண்டு வீத ஈ.பி.எப்., மூன்று வீத ஈ.டி.எப். எங்கே போகும்? ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பதினான்கு நாள் அல்லது அரை மாதச் சம்பளம் என்று வரும் சேவைக்காலப் பணம்? கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்தது. பையன் பேச்சை நிறுத்திவிட்டான்.

கடுதாசிக் கட்டை ஆங்கிலம் தெரிந்த இன்னொரு ஆசிரியரோடு உட்கார்ந்து வாசித்தோம். லீசிங் ஐந்து வருஷத்துக்கு. கம்பனி ஒப்பந்தத்தை முப்பது நாள் அறிவித்தலில் நிறுத்தலாம். ட்ரிப் கட்டணம் எவ்வளவு என்று எழுதவே இல்லை, "கம்பனி காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும்" என்று மட்டும் இருந்தது. கடன் ஐந்து வருஷத்துக்கு உறுதி. வேலை முப்பது நாளைக்குத்தான் உறுதி.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பழையது. அங்கே 1980இல் வந்த சட்டம் லொறித் தொழிலில் இருந்த கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கம்பனிகள் பெருகின, கட்டணம் இறங்கியது. செலவைக் குறைக்க நினைத்த கம்பனிகளுக்குச் சொந்த வண்டிக்காரர் வசதியாக இருந்தார். வண்டி அவருடையது, டிரெய்லரும் சரக்கும் அடுத்தவருடையது. ஓடிய மைலுக்கோ, சரக்குக் கூலியில் ஒரு வீதமோ கிடைக்கும். வெறும் டிரெய்லரோடு திரும்பி வரும் மைலுக்குப் பல இடங்களில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவ வரியும் சேர்த்துச் சம்பளக்காரர் 7.65 வீதம் கட்டுவார், முதலாளி அதே அளவு கட்டுவார். சொந்த வண்டிக்காரர் இரண்டு பங்கையும் சேர்த்து 15.3 வீதத்தைத் தானே கட்ட வேண்டும். தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பும் 1947க்குப் பிறகு அவருக்கு இல்லை. தனித்தனி வியாபாரிகள் என்பதால், பலர் கூடி ஒரே கட்டணம் கேட்டால் போட்டிச் சட்டத்தில் வழக்கு வரவும் இடமுண்டு. ஒன்றுசேர்வதே தப்பாகிவிடும் முதலாளித்தனம் எப்படிப்பட்டது பாருங்கள்.

லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் துறைமுகங்களில் 2008இல் புகையைக் குறைக்கும் திட்டம் ஒன்று வந்தது. நல்ல திட்டம்தான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஏழைகள் மூச்சுவிட வேண்டுமே. ஆனால் பழைய லொறிகள் படிப்படியாகத் தடுக்கப்பட்டபோது, பழைய வண்டி வைத்திருந்த சாரதிகளுக்கு இலட்சம் டொலர் பெறுமதியான புது வண்டி வாங்க வழியில்லை. கம்பனிகள் வண்டியை வாங்கி, சாரதிகளிடம் தவணைக்குக் கொடுத்து, வாராவாரம் கூலியில் கழித்தன. பெரும்பாலானோர் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில். 2017இல் 'யூஎஸ்ஏ டுடே' பத்திரிகை இதைத் தோண்டி எழுதியது. எல்லாம் கழித்து, ஒரு வாரத்துக்கு 67 சதம் கையில் வாங்கிய சாரதி இருந்தார். டொலர் இல்லை, சதம். வேலையை விட்டால் அதுவரை கட்டிய காசும் போச்சு, வண்டியும் போச்சு.

இதைக் கேட்கும்போது வயதானவர்களுக்குத் 'துண்டு' ஞாபகம் வரும். கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் நம் பாட்டன் பூட்டன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. புதுத் தோட்டம் கடனை அடைத்தால், அந்தக் கடன் அங்கேயும் கூடவே போகும். 1921இல் சட்டம் அதை ஒழித்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருவரைச் சுயதொழிலாளி என்று கம்பனி சொல்ல வேண்டுமானால், அவர் செய்யும் வேலை அந்தக் கம்பனியின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. லொறிக் கம்பனிக்கு லொறி ஓட்டுபவர் எப்படி வெளியாள் ஆவார்? ஆனால் லொறித் தொழிலுக்கு அந்தச் சட்டம் வரப்போகிறது என்றதும், 2022 ஜூலையில் ஓக்லண்ட் துறைமுக வாசல்களை மறித்துப் போராடியவர்கள் சொந்த வண்டிக்காரர்களே. கடனை அடைத்து முடித்து, நாலு இடத்தில் வேலை பிடித்து, விருப்பமில்லாத சரக்கை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வண்டி முழுக்கத் தன்னுடையது, ஒரு மைல் ஓட எவ்வளவு செலவு என்று தெரியும், ஒரு கம்பனி விட்டால் இன்னொன்று உண்டு என்றால் அது உண்மையான சுயதொழில். நம் தம்பியிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

அமெரிக்கச் சொந்த வண்டிக்காரர்கள் 1973இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் இயங்குகிறது. அங்குள்ள குத்தகை விதிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கூலி எவ்வளவு, எதற்கு எவ்வளவு கழிப்பு என்று அதிலேயே இருக்க வேண்டும். வீதக் கணக்கில் கூலி என்றால், சரக்குக்காரருக்குக் கம்பனி போட்ட பில்லைப் பார்க்கும் உரிமை உண்டு. பத்திரங்களைக் கொடுத்துப் பதினைந்து நாளுக்குள் காசு வர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் பிணைக்காசை நாற்பத்தைந்து நாளுக்குள் திருப்பித்தர வேண்டும். டயரோ எண்ணெயோ கம்பனியிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இதெல்லாம் இருந்தும் 67 சதம் நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். 'அவுட்குரோவர்' என்று ஒரு பேச்சு சில வருஷங்களாக நடக்கிறது. சில தோட்டங்களில் மலையைப் பிரித்துக் கொடுத்தும் இருக்கிறார்கள். "இத்தனை ஆயிரம் செடி உங்களுக்கு, நீங்களே முதலாளி, எடுத்த கொழுந்துக்குக் காசு" என்கிறார்கள். காணி உறுதி கிடையாது. காணி அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து நிர்வாகம் பார்க்கும் கம்பனியே குத்தகைக்காரர்தான். குத்தகைக்காரர் நம்மை முதலாளி ஆக்குகிறாராம்! உரம், மருந்து யார் தருவது, என்ன விலைக்குக் கழிப்பது? கொழுந்தை வேறு பெக்டரிக்கு விற்கலாமா? கிலோ விலை எழுத்தில் உண்டா? மழை இல்லாத மாதம் யார் கணக்கு? செக்ரோலில் பெயர் இருக்குமா? பெயர் இல்லாவிட்டால் ஈ.பி.எப்., பிரசவ சகாயம், மலையில் விழுந்தால் வரும் நட்டஈடு? பையனின் கொப்பியில் எழுதிய கேள்விகளில் லொறி என்ற இடத்தில் தேயிலை என்று போட்டால் போதும்.

தம்பி இன்னும் கைச்சாத்து வைக்கவில்லை. ஐந்து கேள்விகளை எழுதி, தன்னோடு ஓட்டும் பதினொரு பேரிடமும் கையொப்பம் வாங்கி அலுவலகத்தில் கொடுத்தான். இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. ட்ரிப் கட்டணத்தை எழுத்தில் தருவது பற்றி இன்னும் பதில் இல்லை. அம்மாவின் நகை பெட்டியில்தான் இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் யாராவது செடிக்கணக்குக் கடுதாசி கொடுத்திருந்தால், கையெழுத்துப் போட முன் ஒரு பிரதியைக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலையில் இருப்போம். தமிழில் வாசித்துச் சொல்கிறோம். கொப்பியும் பேனாவும் கொண்டு வாருங்கள்.