கொலுப்படியும் போர்க்களமும்

(நம் சங்கத்தின் நவராத்திரி மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தந்தையார் பணியிலிருந்தபோதே மறைந்தமையால், இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவன் நான். கோப்புகளோடு பேசிப் பழகியவனுக்கு மேடை புதிது. செயலாளர் அவர்கள், கொலுவைப் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தார்கள். கொலுவைப் பற்றி என்னினும் நன்கறிந்த அன்னையர் முன்வரிசையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆதலின், என் இல்லத்தில் கொலுப்பொம்மைக்கும் வேறொரு வகைப் பொம்மைக்கும் இடையே எழுந்த வழக்கினையும், அதில் நான் தோற்ற கதையையும் மட்டும் சொல்லி அமர்வேன்.

சென்ற ஆண்டு தை மாதம் என் மகன், பொங்கற்காசையும் பிறந்தநாட்பணத்தையும் சேர்த்து ஒரு பெட்டி வாங்கினான். விலை சில ஆயிரம் ரூபாய். உள்ளே பிளாஸ்டிக்கினால் ஆன சிற்றுருவங்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த உயரம். கோரைப்பல் அரக்கர், வாளேந்திய மறவர், சிறகு விரித்த நாகம். அவையும் முழுமையாய் இல்லை. கை வேறு, தலை வேறு, உடல் வேறாய்க் கிடந்தன. நிறமோ வெறுஞ்சாம்பல். "வண்ணங்கூட இல்லாத பொம்மைக்கா இத்தனை பணம்?" என்றேன். "வண்ணம் நாமே தீட்டவேண்டும், அப்பா. விளையாட்டில் பாதி அதுதான்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய நேரம் அது. அந்தத் தேர்வோடு நின்றுபோனவன் நான். அவ்வச்சம் எத்தகையது என்பதை நின்றுபோனவர்களே அறிவர். ஓர் இரவு பதினொரு மணிக்கு, பாடநூலை மூடிவைத்துவிட்டு மேசைவிளக்கின் கீழ் ஓர் அரக்கனின் பல்லுக்கு அவன் வெள்ளை தீட்டிக்கொண்டிருக்கக் கண்டேன். பெட்டியையும் தூரிகைகளையும் வாரிப் பரண்மேல் ஏற்றினேன். "நீ என்ன சிறுபிள்ளையா?" என்று கேட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. தேர்வில் நன்றாகவே தேறினான். ஆயினும் அதன்பின் எட்டு மாதம், "ஆம்", "இல்லை" என்பவற்றிற்கு மேல் என்னோடு அவன் பேசியதில்லை.

நவராத்திரி வந்தது. கொலுப்பெட்டியைத் திறந்தோம். என் அன்னையார் விம்மி அழுதார்கள். பண்ணுருட்டி மண்ணில் செய்த தசாவதாரத் தொகுதியில் நரசிம்மரின் இடக்கை ஒடிந்திருந்தது. அவர் மடியில் கிடந்த இரணியனின் முகம் முற்றும் உரிந்துபோயிருந்தது. உடைந்த பொம்மையைக் கொலுவில் வைப்பது வழக்கமன்று; ஆற்றில் விடுவர். "யமுனையில் விடவா? கிராண்ட் டிரங்க் வண்டியில் பட்டணத்திலிருந்து டில்லி வரை உன் அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்த பொம்மையடா இது" என்றார்கள். ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. தந்தையாரின் கைபட்ட பொருளென்று எங்கள் வீட்டில் எஞ்சியவை மிகச் சில.

என் மகன் பொம்மையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் தூரிகைகளைக் கொடுத்தால் சரிசெய்யலாம், பாட்டி" என்று பாட்டியிடம்தான் சொன்னான். ஏணியை வைத்து நானே பரணில் ஏறவேண்டியதாயிற்று.

அவன் செய்த வேலையை அன்றுதான் அருகிருந்து பார்த்தேன். ஒடிந்த கையிலும் தோளிலும் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய கம்பியைச் செருகிப் பொருத்தினான். இடைவெளியை எம்-சீல் கொண்டு அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தான். பின்னர் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. வண்ணத்தை நீர்விட்டு இளக்கி, ஒரே தடிப்பாய் அப்பாமல் மெல்லிய பூச்சாய் இருமுறை தீட்டினான். அதன்மேல் கரிய நீர்வண்ணம் ஒன்றை ஓடவிட, அது ஆடைமடிப்பிலும் விரலிடுக்கிலும் தானே தங்கி நிழலாயிற்று. இறுதியில், வண்ணம் ஏறக்குறைய துடைக்கப்பட்ட உலர்தூரிகையால் மேடுகளை மட்டும் வருட, பிடரிமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளிர்ந்தது.

கண் எழுதுமிடத்தில் பாட்டிக்கும் பேரனுக்கும் போர் மூண்டது. "கண்ணை முதலில் எழுதிவிட்டால், பிசகினால் சுற்றிலும் முகவண்ணம் பூசித் திருத்தலாம்" என்பது அவன் கட்சி. "கண் திறப்பது கடைசியில்தான், திறந்தபின் திருத்துவதாவது!" என்பது பாட்டியின் கட்சி. நரசிம்மருக்குக் கடைசியில் பாட்டி திறந்தார்கள். இரணியனுக்கு முதலில் அவன் எழுதினான். அசுரனுக்கு எப்போது கண் வந்தால் என்ன என்று அன்னையார் இசைந்துவிட்டார்கள்!

அன்பர்களே, அதன்பிறகே இவ்விளையாட்டின் வரலாற்றை அவனிடமே கேட்டறிந்தேன். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்தி ஆடிய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. அது மேல்நாடு சென்று பல உருக் கொண்டது. 1824-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி, நிலப்படத்தின்மேல் ஆடும் போராட்டம் ஒன்றைத் தம் படைத்தலைவர்க்குக் காட்டினார். படைப்பயிற்சிக்கே அது பயன்பட்டது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈயப் பொம்மைச் சிப்பாய்களைக்கொண்டு வீட்டில் ஆடும் போருக்கு விதிவகுத்து 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மெய்ப்போரைவிடப் பொம்மைப்போரே மேல் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. டோல்கியனின் கதைகள் 1954, 1955-இல் வெளிவந்தபின், சிப்பாய்களின் இடத்தில் அரக்கரும் மந்திரவாதியரும் புகுந்தனர். 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1983-இல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' என்று இக்கலை பெருகிற்று.

அரக்கரும் தேவரும் நமக்குப் புதியவரல்லர். இந்த ஒன்பது நாளும் இதே டில்லியில், மேற்கே தித்தார்பூர் வீதிகளில் மூங்கிலும் காகிதமுமாய்ப் பத்துத்தலை இராவணர்கள் எழும்பிநிற்பதை நாமெல்லோரும் காண்கின்றோம். பொம்மை சிறுவர்க்கே உரியதென்ற என் எண்ணத்தையும் டில்லியே தகர்த்தது. பகதூர்ஷா ஜாபர் மார்க்கத்தில் உள்ள சங்கரின் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்திற்கு மகனை அழைத்துச் சென்றேன். கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை அவர்களிடம், அவர் நடத்திய சிறுவர் போட்டிக்குப் பரிசாக அளிக்கும்படி ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைத் தந்தாராம். அதில் தொடங்கிய ஆசை, 1965-இல் குடியரசுத்தலைவர் இராதாகிருஷ்ணன் அவர்கள் திறந்துவைத்த மாளிகையாய் முடிந்தது. மீசை நரைத்தவர்கள் கண்ணாடிப் பேழைகளில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

பின்னர் ஒருநாள், "ஓர் ஆட்டம் ஆடுவோமா, அப்பா?" என்றான். ஆறடிக்கு நாலடி மேசை வேண்டுமாம். அரசுக் குடியிருப்பில் அதற்கு இடமேது? பாட்டியின் கட்டில்மேல் பலகை போட்டு, புத்தகங்களைக் குன்றாக்கினோம். கட்டம் கிடையாது, இத்தனை அங்குலம் நடக்கலாமென்று அளவுநாடாவால் அளந்தே படையை நகர்த்தவேண்டும். அம்பு தைத்ததா, கவசம் தாங்கிற்றா என்பதைத் தாயக்கட்டை தீர்க்கும். விதிநூலோ தடித்தது, அதற்கும் அவ்வப்போது திருத்தங்கள் வெளிவருகின்றன என்றறிந்தபோது, என் அலுவலகத்தில் அமர்ந்திருப்பது போன்றே இருந்தது.

ஒரே இடர்: வண்ணம் தீட்டாத படையைக் களத்தில் இறக்குவது இவ்வாட்டக்காரர்களிடையே மதிப்பன்று. ஆகவே என் அரக்கர்களுக்கு நானே தீட்டவேண்டுமென்று விதித்துவிட்டான். முதல் அரக்கனுக்கு நான்கு மாலை ஆயிற்று. மூக்குக்கண்ணாடியை மாற்றியும் கை நடுங்கிற்று. மழைக்காலத்தில் வார்னிஷ் பூசவேண்டாமென அவன் எச்சரித்ததைக் கேளாமல் பூசி, அரக்கன் மேல் வெண்பனி படர்ந்தாற்போல் ஆயிற்று. "இமயமலை அரக்கன்" என்று பெயரிட்டு வைத்திருக்கிறான். இதுவரை பதினொரு போர் ஆடிப் பத்தில் தோற்றேன். மகன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆட்டம் ஞாயிறு மாலை மட்டுமே என்பது எங்களிருவருக்குமுள்ள உடன்படிக்கை. அதை மீறப் பார்ப்பவன் பெரும்பாலும் நானே.

இவ்வாண்டு எங்கள் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைகளுக்கு அருகில் அந்த அரக்கரும் மறவரும் நிற்கின்றனர். எந்தப் புராணத்தில் வருபவர்கள் என்று வருவோரெல்லாம் கேட்கின்றனர். அன்னையார், "என் பிள்ளையும் பேரனும் எழுதிய புராணம்" என்று சொல்லிச் சுண்டலை நீட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கையொடிந்த, நிறமுரிந்த பொம்மைகள் உங்கள் பெட்டியில் இருப்பின் ஆற்றுக்கு அனுப்பிவிடாதீர்கள். விசயதசமிக்கு அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். என் மகனும் அவன் நண்பர் இருவரும் இருப்பார்கள். பழைய செய்தித்தாளும், ஒடிந்துவிழுந்த துண்டு கிடைத்தால் அதுவும் மறவாமல் எடுத்துவாருங்கள்.