நாகூர்க் குரல்



காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் நாகூரைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே ஏதாவதொரு டீக்கடையில் நாகூர் ஹனிபாவின் பாட்டு ஒலிக்கும். நம்மில் பலர் நின்று கேட்டிருக்கிறோம்.

1925ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பிறந்து, 2015இல் மறைந்த இசுலாமியப் பாடகர் அவர். தி.மு.க. மேடைகளிலும் முழங்கிய குரல். குருமடத்தில் கிரகோரியன் இசைக்குப் பழகிய எங்கள் காதுக்கு அந்த உச்சக் குரல் முதலில் கரடுமுரடாகத்தான் பட்டது.

படுக்கையில் கிடந்த ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டு போனோம். வீட்டில் ஹனிபா பாட்டு. எங்களைக் கண்டதும் பேத்தி பதறிப்போய் நிறுத்தினாள். ‘இருக்கட்டும்மா’ என்று சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. செபம் முடிந்ததும் பாட்டி கேட்டார்: “ஏன் சாமி, அதுவும் கடவுளைத்தானே கூப்பிடுது?” பதில் சொல்லாமல் திரும்பினோம்.

உரோமைப் படையின் நூற்றுவர் தலைவரிடம் கண்ட நம்பிக்கையை இயேசு வியந்தார் என்கிறது மத்தேயு 8ஆம் அதிகாரம். வேற்றினத்தாரிடம் கண்டு வியந்தார்! ஒரே கடவுளை வழிபடும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. இதையெல்லாம் படித்தே தேர்வு எழுதினோம். காதுக்குத்தான் அது எட்டவில்லை.

அடுத்த வாரம் உள்ளே நுழைந்ததும் நாங்களே கேட்டோம்: “அந்தப் பாட்டைப் போடும்மா. முடியட்டும், அப்புறம் செபிப்போம்.”

பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் கூடவே அசைந்தன. ஒரு வரி விடவில்லை.