தாழியும் கடைதலும்





‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல’ என்னும் உவமைத்தொடரை நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தாழி யாது என வினவினால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. பினாங்கில் தயிரும் வெண்ணெயும் கடையில் வாங்கும் பொருள்களாகிவிட்டமையே அதற்குக் காரணம்.

தாழி, வாயகன்று வயிறு பருத்த மட்கலம். குயவர் அதன் வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் வனைவர். அடிப்பகுதியை உள்ளே கல்லால் தாங்கி, வெளியே பலகையால் தட்டித் தட்டி உருட்டுவர். உலர்த்திச் சூளையில் சுடுவர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்க் குயவர் வனைந்த வெண்ணெய்க் கலமோ நெடியது. ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் கல்போல் இறுகச் சுட்டு, சூளையில் உப்பிட்டுப் பளபளப்பேற்றியது. அதன் மூடித் துளைவழியே கோலை மேலும் கீழும் இடிப்பர். நம் தாழியில், கயிறு சுற்றிய மத்து வலமும் இடமும் மாறி மாறிச் சுழலும். இடித்தலுக்கு நெடிய உடலும் சுழற்சிக்கு உருண்ட வயிறும் பொருந்தின.

அச்சுழற்சியையே ‘கடை’ என்னும் வினைச்சொல் காத்து நிற்கிறது. மரத்தைச் சுழற்றி உளியால் உருவாக்குதல் கடைசல். கோலைச் சுழற்றித் தீ உண்டாக்கும் கருவி தீக்கடைகோல். வெந்த கீரையையும் மத்தால் கடைகிறோம். சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை, விடியலில் தயிர் கடைந்து மோர் விற்கச் செல்லும் ஆய்மகளைக் காட்டுகிறது. நம் தயிர் மலாய்மொழியிலும் ‘தைரு’ எனப் புகுந்துள்ளது.

இவற்றை அறிந்த மாணவனுக்கே அவ்வுவமையின் துயரம் விளங்கும். தாழி உடையும்போது இரவெல்லாம் உறைந்த தயிரும், விடியல்தொட்டுக் கடைந்தவளின் உழைப்பும், குயவர் பல நாள் பட்ட பாடும் ஒருங்கே மண்ணில் கலக்கின்றன.

தாழி நம் வீடுகளில் இல்லை. எனினும் வனையும் கைகள் இன்னும் நம் நாட்டில் உள்ளன. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் பொங்கற்பானையும் அகல்விளக்கும் செய்து வருகின்றனர். மண்ணின் பதத்திற்கும் கருவிகளுக்கும் கலத்தின் உறுப்புகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் பல அகராதி ஏறாதவையாக இருத்தல் கூடும். அடுத்த தலைமுறை வேறு தொழிலுக்குச் சென்றுவிடின் அச்சொற்களைக் கேட்க ஆளிராது.

ஆதலின், ஆசிரியர்களே, விடுமுறையில் மாணவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுங்கள். அதனருகே பொருளின் படத்தையும் வரையுங்கள். அக்குறிப்பேடு நாளைய அகராதிக்கு நாம் அளிக்கும் கொடையாகும்.