கம்பியில்லாமல் ஓடும் கொலு ரயில்

(நம் சங்க அன்பர்களின் கோலார் தங்கவயல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நல்ல விஷயம் பேசச் சொன்னால் இவர் பொம்மை ரயிலைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று யாரும் நினைக்க வேண்டாம். நவராத்திரி நெருங்குகிறது. நம் அகங்களில் கொலுப்படிக்குக் கீழே 'பார்க்' கட்டுவதும், கேழ்வரகு தெளித்துப் புல் வளர்ப்பதும், அதைச் சுற்றி ஒரு ரயிலை ஓடவிடுவதும் வழிவழியாக வந்த வழக்கம். முன்பு சாவி கொடுத்தால் ஓடும் ரயில். பிறகு பேட்டரி ரயில். இப்போது பேரன் பேத்திகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் அசல் மாதிரி எஞ்சின்கள் பல அகங்களில் அலமாரியில் தூங்குகின்றன. அவற்றைக் கம்பியில்லாமல், கையிலிருக்கும் செல்போனைக் கொண்டே ஓட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது இதே தங்கவயலில். என் தகப்பனார் சுரங்க ஆபீசில் கணக்கு எழுதினார். ஆகவே தூரத்திலிருந்து ஒரு யந்திரத்தை ஆள்வது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரேடியோ அல்ல, சுரங்கத்து மணிதான்.

இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டர் டிரைவர் அந்தக் கூண்டைப் பார்ப்பதே இல்லை. அவர் மேலே யந்திர அறையில் இருப்பார். கூண்டும் அதில் நிற்கும் மனிதர்களும் கீழே இருட்டில் இருப்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். டிரைவருக்குக் கிடைப்பவை இரண்டே இரண்டு: கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள், கீழிருந்து வரும் மணிச் சத்தம். இத்தனை மணி என்றால் இறக்கு, இத்தனை என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று கணக்கு உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கூண்டுக்கு ஒரே ஒரு மணி அடித்தால் அதற்குப் பொருள் 'நில்'. மிகச் சுருக்கமான சமிக்ஞையை நிறுத்துவதற்கென்று ஒதுக்கி வைத்தார்கள். பாறை வெடிப்பு நேர்ந்தால் மேலே அகத்தில் பாத்திரங்கள் அதிர்ந்த ஊர் இது. அந்த ஒரு மணியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டு, 1902 ஜூனில் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூருக்கே மின்விளக்கு 1905-இல்தான். சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரில் காலமாகிவிட்டார். மின்சாரம் வந்து சேர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, சக்தி ஒரு வழியில் வந்தது, கட்டளை மணியாக வேறொரு வழியில் வந்தது என்பது. மாதிரி ரயிலிலும் இந்தப் பிரிவினைதான் பெரிய முன்னேற்றம். அதைச் சொல்கிறேன்.

பழைய மின்சார பொம்மை ரயிலில் இரண்டு தண்டவாளங்களிலும் 0 முதல் 12 வோல்ட் வரை மின்சாரம் வரும். குமிழைத் திருகினால் வோல்ட் கூடும், ரயில் வேகமாகப் போகும். அதாவது சக்தியே கட்டளை. அதனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட முடியாது.

இதற்கு மாற்றாக ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, 1990-களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் ஒரு பொது விதியை ஏற்படுத்தியது. அதற்கு டிசிசி என்று பெயர். இதில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 15 வோல்ட் இருக்கும். அந்த மின்சாரம் வெகுவேகமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற கால அளவில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு பாதி 58 மைக்ரோ விநாடி என்றால் '1'. 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் என்றால் '0'. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு பலகை உட்கார்ந்து இதைப் படிக்கும். தனக்கு வந்த செய்தியானால் கீழ்ப்படியும், இல்லையேல் பேசாமல் இருக்கும்.

குழந்தைகளுக்காக ஓர் உதாரணம். 3-ஆம் எண் எஞ்சினுக்கு முதலில் 00000011 என்ற விலாசம் போகும். அடுத்து 01110100 என்ற கட்டளை. மூன்றாவதாக 01110111 என்று ஒரு சரிபார்ப்பு. முதல் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் 0, வேறாக இருக்கும் இடத்தில் 1 போட்டால் மூன்றாவது வரும். இடையில் அழுக்குச் சக்கரத்தால் ஓர் எழுத்து கெட்டாலும் கணக்கு ஒத்துவராது. டிகோடர் அந்தச் செய்தியைத் தள்ளிவிடும். விநாடிக்கு நூறுக்கும் மேல் செய்திகள் போவதால் அடுத்தது சரியாக வந்துவிடும்.

சரி, கம்பியில்லாமை எங்கே வருகிறது? நம் ஜகதீச சந்திர போஸ் 1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் சுவர்களைத் தாண்டி மின்காந்த அலையை அனுப்பி மணியடிக்க வைத்தார். 1898-இல் நியூயார்க்கில் டெஸ்லா ஒரு சிறு படகை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார். அதே வித்தைதான். செல்போனிலிருந்து கட்டளைப் பெட்டி வரை வைஃபை. கட்டளைப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரை தண்டவாளம்.

இனி அமைக்கும் முறை.

முதலாவது, எஞ்சின். கொலுவுக்கு ஏற்றது 'எச்ஓ' அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். டிகோடர் பொருத்திய எஞ்சினாகவோ, 8 ஊசி அல்லது 21 ஊசி சாக்கெட் உள்ளதாகவோ இருந்தால் நல்லது.

இரண்டாவது, கட்டளைப் பெட்டி. பெரிய கம்பெனிகளின் பெட்டிகள் விலை அதிகம். டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை அர்டுயினோ மெகா என்ற பலகையில் ஏற்றி, மேலே ஒரு மோட்டார் ஷீல்டும் வைஃபை பலகையும் சேர்த்தால் போதும். இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை அகத்தில் இருந்தால் ஒரு சாயங்காலத்து வேலை. தண்டவாளத்துக்குத் தனி அடாப்டர் வைத்து, அந்த வோல்ட் அர்டுயினோவுக்குள் ஏறாதபடி ஷீல்டில் உள்ள 'வின் கனெக்ட்' இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எல்லாம் ஒரே பலகையில் சேர்ந்ததாகவும் இப்போது கிடைக்கிறது.

மூன்றாவது, பாதை. கேழ்வரகு முளைத்த ஈரமண்ணின் மேல் தண்டவாளத்தை வைக்கக் கூடாது. பலகையின் மேல் பாதை, பலகைக்கு உள்பக்கம் தட்டில் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் அடியில் தடிமனான இரண்டு ஒயர்களை ஓட்டி, பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் கிளை ஒயர் கொடுங்கள். தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே அருகில் விளக்கேற்றலாம்.

நான்காவது, காசுப் பரீட்சை. மின்சாரம் போட்டு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி வையுங்கள். கட்டளைப் பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பாதையில் பத்து இடத்தில் இப்படிப் பாருங்கள். ஓர் இடத்தில் நிறுத்தாவிட்டாலும் அங்கே ஒயர் போதவில்லை என்று அர்த்தம். எஞ்சினை வைக்காதீர்கள்.

ஐந்தாவது, விலாசம். புது டிகோடர் எல்லாம் 3 என்ற எண்ணோடுதான் வரும். இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்றைத் தனியாக வைத்து எண்ணை மாற்றுங்கள். அமைப்பு எண்கள் சிவி 3, சிவி 4 இரண்டும் மெல்லக் கிளம்பவும் மெல்ல நிற்கவும் உதவும்.

ஆறாவது, செல்போன். ஆண்ட்ராய்டில் 'எஞ்சின் டிரைவர்', ஐபோனில் 'வைத்ராட்டில்' என்ற செயலி. பெட்டி தருகிற வைஃபையில் சேர்ந்து, எஞ்சின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டலாம். வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கும். காற்றிலே நெரிசல். அகத்து வைஃபை 1-ஆம் சானலில் இருந்தால் ரயிலை 6-இலோ 11-இலோ வையுங்கள். ஒன்றோடொன்று இடிக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்திக்குள் தனி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் மத்திய அரசு அனுமதித்தது. வாங்கும் சாதனத்துக்கு வகை அங்கீகாரம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். ரயில் ஓடியதும் எல்லோரும் கை தட்டுவார்கள். நான் கேட்பது, கட்டளை வராமல் போனால் அது என்ன செய்யும் என்பது. செல்போனில் சார்ஜ் தீர்ந்தால்? குழந்தை போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினால்? அருகில் குத்துவிளக்கு எரிகிறது. பட்டுப் பாவாடை கட்டிய பெண் குழந்தைகள் குனிந்து பார்க்கிறார்கள்.

இதற்குக் காவல் மூன்று உண்டு. ஒன்று, செயலி சில விநாடிக்கொருமுறை "நான் இருக்கிறேன்" என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இதை இதயத் துடிப்பு என்பார்கள். பத்து விநாடி துடிப்பு வராவிட்டால் பெட்டி அந்த எஞ்சினை நிறுத்திவிடும். இரண்டு, டிகோடருக்குள் சிவி 11 என்ற அமைப்பு. பெட்டியே செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டால், எத்தனை நேரம் பொறுத்து எஞ்சின் தானாக நிற்க வேண்டும் என்பதை அதில் எழுதலாம். பூஜ்யம் என்று இருந்தால் இந்தக் காவல் வேலை செய்யாது. முதல் காவல் போனுக்கும் பெட்டிக்கும் இடையே, இரண்டாவது பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. மூன்று, அடாப்டரின் சுவர் ஸ்விட்ச். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

கொலு வைப்பதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள். ரயிலை மெதுவாக ஓடவிட்டு, போனை விமானப் பயண நிலைக்கு மாற்றி, பத்து வரை எண்ணுங்கள். நிற்க வேண்டும். விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகமானால் அந்தப் பத்து விநாடியில் ரயில் 2 மீட்டர் போய்விடும். வட்டப் பாதையானால் பரவாயில்லை. மேஜை விளிம்பில் முடியும் பாதையானால் கீழே விழும். ஆகவே கொலுவுக்கு வட்டமே உத்தமம். போன் அழைப்பு வந்தால் ரயில் தானே நிற்கும்படியும் 'எஞ்சின் டிரைவர்' செயலியில் வைக்கலாம். மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து கூப்பிடும் நேரம் அதுவாகத்தான் இருக்கும்!

தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம், எஞ்சினுக்குள் பேட்டரியும் ரேடியோவும் வைக்கலாம் என்ற முறையும் இருக்கிறது. தோட்டத்தில் ஓடும் பெரிய எஞ்சின்களுக்கு நல்லது. ஆனால் லித்தியம் பேட்டரியைத் தூங்கும் நேரத்தில் சார்ஜில் போடக் கூடாது. அலை நின்றால் எஞ்சினும் நிற்கிறதா என்ற சோதனை இதற்கும் உண்டு.

இது விளையாட்டுச் சாமான் விஷயம் மட்டுமல்ல. இன்று நீண்ட சரக்கு ரயில்களில் முன் எஞ்சினிலிருந்து நடு எஞ்சினை ரேடியோவால் இயக்குகிறார்கள். 2020-இல் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' அமைப்பில் எஞ்சினும் ஸ்டேஷனும் ரேடியோவில் பேசுகின்றன. டிரைவர் பிரேக் போடத் தவறினால் அது போடும். பத்து வயதுப் பிள்ளை கொலுவில் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல ஊர்களில் இருக்கும் தங்கவயல் குடும்பங்கள், இந்தத் தடவை பார்க்கில் மாரிக்குப்பம் ரயிலை ஓடவிடுங்கள். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 16 கிலோமீட்டர் பாதை 1894-இல் போட்டது. எச்ஓ அளவில் அதுவே 184 மீட்டர் வரும். எந்த அகத்திலும் அடங்காது. ஆகவே கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நாலு பலகை நட்டால் போதும். பின்னால் வெளிறிய நிறத்தில் ஒரு சயனைடு மண்மேடு, ஒரு சுரங்க கோபுரம். அந்த அளவில் சுரங்கத்தின் ஆழம் என்ன தெரியுமா? தரைக்குக் கீழே சுமார் 37 மீட்டர், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்தது போல. இதைக் கேட்ட குழந்தை தரையை ஒருதரம் பார்க்கும். அப்போது அந்த வைண்டர் டிரைவரைப் பற்றியும் அந்த மணியைப் பற்றியும் சொல்லுங்கள்.

28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ரயில் நிற்கவில்லை. தங்கத்துக்காகப் போட்ட பாதையில் இன்று நம் பிள்ளைகள் விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வெளியூரில் பிறந்த பேரக் குழந்தைகளுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டும். ரயில் ஓடும்போது அவர்கள் தாமாகவே வந்து பக்கத்தில் உட்காருவார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். போனைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்தினால் ரயில் நிற்கும் என்பதை முதலில் காட்டுங்கள். ஓட்டுவதை அது தானே கற்றுக்கொள்ளும்.